காக்கும் சினமும் அழிக்கும் சினமும்

உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகப் போற்றுவது சைவ மரபு. அவ்வாலயத்துக்குக் காவலும் உண்டு. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சுட்டு, வீங்குகின்றது. பிறவியிலேயே வாய்த்த நோயெதிர்ப்பு, அதாவது நிர்ப்பீடனம், கிருமியோடு பொருதும் அடையாளம் அது. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் ருஷிய அறிஞர் மெச்னிக்கோவ், நட்சத்திரமீனின் குடம்பியில் முள்ளைச் செருகி, அதன் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து கொள்வதைக் கண்டார். இத்துறை ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆனால் இக்காவலரின் ஆயுதம் கிருமியோடு நின்றுவிடுவதில்லை. சொந்த உடலையும் புண்படுத்தும். ஆதலால் உடல், போரை மூட்டும் மூலக்கூறுகளோடு அதனைத் தணிக்கும் மூலக்கூறுகளையும் சுரக்கின்றது. இன்ரலூக்கின்-10 அவற்றுள் ஒன்று, கோட்டிசோல் மற்றொன்று. இன்ரலூக்கின்-10 இல்லாத எலிகளின் குடலில் தீராத அழற்சி உண்டாவதை 1993இல் ஆய்வாளர் கண்டனர். வியப்பென்னவெனில், கிருமியைத் தாக்கும் அதே கலங்களே இத்தணிக்கும் பொருளையும் சுரக்கின்றன.

அப்படியாயின் சினம் அறவே ஒழிய வேண்டியதா, ஆளப்பட வேண்டியதா? கொவிட்-19 காலம் இதற்கு விடை கூறியது. கோட்டிசோலை ஒத்த டெக்சாமெதசோன் மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்ததென 2020இல் பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஒட்சிசன் தேவைப்படாதோருக்கோ அது பயன் தரவில்லை. எதிர்ப்பு வேண்டிய வேளையில் எதிர்ப்பும், அது எல்லை மீறும் வேளையில் தணிப்புமே உயிரைக் காக்கின்றன.

அநீதியைக் கண்டும் வாளாவிருப்பது பொறுமையன்று. ஆயினும் திருவிழா உபயத்தில் எழுந்த சிறு பிணக்கு, இரு குடும்பங்களைப் பேச்சுவார்த்தையற்றவர்களாக்கி, கோயிலையே வழக்கு மன்றம் வரை இழுத்துச் செல்வதும் ஊரில் நிகழக்கூடியதே. முறைகேட்டைக் கேட்கப் பிறந்த சினம், முறைகேடு தீர்ந்த பின்னும் அடங்காமையால் வரும் கேடு இது. மத்தியஸ்தர் எத்தனை பேர் வரினும், சினந்தவர் உள்ளத்திலிருந்தே தணிவு பிறக்க வேண்டும். உடலில் அது தானாக நிகழ்கின்றது. மனிதனோ அதனைத் தானே தேர்ந்து கொள்ள வேண்டியவன். அவனது பெருமையும் பொறுப்பும் அங்கேதான் உள்ளன.

ஆலகால நஞ்சை உமிழாமலும் விழுங்காமலும் கண்டத்தில் நிறுத்திய நீலகண்டப் பெருமான், அடியார் அனைவருக்கும் அந்நிதானத்தை அருள்வானாக.