காத்து வைத்தலும் காப்பாற்றுதலும்

ஒரு பொருளை உண்மையாகப் போற்றுவது அதைப் பத்திரப்படுத்தி வைப்பதிலா, பயன்படுத்துவதிலா? இந்தக் கேள்வியை என்னுள் கிளப்பிவிட்டது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

அது என் அண்ணனுடைய புல்லட். அண்ணன் 2010-இல் காலமானார். அதன்பின் 14 ஆண்டுகள் அந்த வண்டி என் வீட்டுக் கொட்டகையில் கித்தான் போர்த்திக்கொண்டு நின்றது. "அண்ணாவின் ஞாபகம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவேன். அண்ணன் மகன் கல்லூரியில் சேர்ந்த வருஷம் வந்து, "சித்தப்பா, அப்பா வண்டியை நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டான். மறுத்துவிட்டேன். "அதன் அருமை உனக்குத் தெரியாதடா" என்று உபதேசம் வேறு செய்தேன்.

பிறகு ஒரு மழையில் கொட்டகை ஒழுகிற்று. கித்தானை விலக்கினேன். டயர்கள் வெடித்துத் தரையோடு சப்பிக் கிடந்தன. கிக்கரை மிதித்தால் அசையவில்லை. மெக்கானிக் வந்து பார்த்தார். டாங்கில் மிஞ்சியிருந்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்ததில், ஐந்தாம் நாள்தான் அது அசைந்து கொடுத்தது.

"ஓடித் தேய்ஞ்ச வண்டியைச் சரி பண்ணிடலாம் சார். நின்னு கெட்ட வண்டிதான் கஷ்டம். வாரம் ஒரு தடவை யாராவது எடுத்திருந்தா இந்தக் கதி வந்திருக்காது" என்றார் அவர்.

அந்த 'யாராவது' என்ற சொல் என்னைச் சுட்டது. அந்த யாரோ ஒருவன் வாசலில் வந்து நின்று கேட்டானே!

அப்படியானால் நான் காத்தது எதை? வண்டியையா? ஒருநாள்கூட அதைத் துடைத்ததில்லை. அண்ணனின் நினைவையா? அதற்கு முதல் பாத்தியதை அவர் மகனுக்கு அல்லவா? உள்ளதைச் சொன்னால், நான் காத்தது ஒரு பதவியை. 'அண்ணனை மறவாத தம்பி' என்ற பதவி.

எல்லாப் பொருளையும் புழங்கியே தீரவேண்டும் என்று நான் வாதாடவில்லை. இறந்தவரின் கடிதத்தைப் பெட்டியில் வைக்கலாம். எடுத்துப் படிக்கும்போது அது கடிதமாகவே இருக்கும். ஆனால் வீணையை உறையிட்டு மூலையில் சாத்திவிட்டால் மிஞ்சுவது மரமும் கம்பியுந்தான். புல்லட்டின் சரித்திரமே இதற்குச் சாட்சி. இங்கிலாந்தில் பிறந்த அந்த வண்டியைச் சென்னையில் பூட்டத் தொடங்கியது 1955-இல். பிறந்த நாட்டுக் கம்பெனி 1970-இல் மூடப்பட்டது. இங்கோ மனிதர்கள் அதை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அதனால் அது பிழைத்தது.

பிஸ்டன், டயர்கள், கேபிள்கள், பாயிண்ட் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. பதிவையும் புதுப்பித்தோம். அண்ணி வந்து பார்த்தார். "இத்தனையும் மாற்றின பிறகு இது அவர் வண்டிதானா, தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய புல்லட்டைக் கிளப்ப ஒரு பக்குவம் உண்டு. டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை மெல்ல அழுத்தவேண்டும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் ஓங்கி உதைக்கவேண்டும். அதைப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் முள்ளையே பார்த்தபடி கிக்கரை அழுத்திக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்படியடா தெரியும்?"

"அப்பா என்னை டாங்க் மேலே உட்கார வைச்சுக்குவார், சித்தப்பா. முள் நடுவுக்கு வந்ததும் சொல்லணும். அது என் வேலை."

தகப்பன் போனபோது அவனுக்கு வயது 7. ஆறாவது உதையில் வண்டி புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. அண்ணி தம் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

அந்த முள்ளின் கதை எனக்குத் தெரியாது. 14 ஆண்டுகள் அதுவும் என் கொட்டகையில், கித்தானுக்கு அடியில்தான் கிடந்திருக்கிறது. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஆண்டுகளை எப்படித் திருப்பிக் கொடுப்பது?