துருவும் செண்பகமும்



அந்தும் துருவும் அரிக்கும் இவ்வுலகத்தில் பொக்கிஷம் சேர்க்கவேண்டாமென்று நமதாண்டவர் எச்சரித்தார். இரும்புக்கு மாத்திரமல்ல, இலைக்கும் துரு உண்டு. காப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூளாகக் காணும் பூஞ்சணம் அது. அந்தத் தூள் காற்றில் பறந்து, ஈரமான இலையில் ஒட்டி முளைத்து, இலையின் சுவாசத் துவாரம் வழியே உள்ளே நுழையும். தனித்துப் பிழைக்க அதற்கு வகையில்லை. உயிருள்ள இலையை உறிஞ்சியே பிழைக்கும்.

1869-ம் வருஷம் இலங்கையில் இந்நோய் கண்டது. அங்கே மலைக்காட்டை அழித்து, சரிவு சரிவாகக் காப்பி ஒன்றையே நட்டிருந்தார்கள். துருவுக்குத் தடை ஏது? சுமார் இருபது வருஷத்துக்குள் காப்பி பெரும்பாலும் அழிந்தது, தேயிலை வந்தது. அந்தத் தேயிலையில் கொழுந்தெடுத்த நம்மவர் அநேகர், 1964-ம் வருஷத்துச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கே திரும்பினர். அவர்கள் பிழைப்புக்காக நம் மலையிலும் காட்டு நிலம் தேயிலையாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத ஒரு தூள் எத்தனை குடும்பங்களின் வழியைத் திருப்பிவிட்டது, பாருங்கள்!

இனி, நம் சோலைகளில் வெண்மலர் பூக்கும் காட்டுச் செண்பகத்தை நோக்குங்கள். நீலகிரியின் பேரையே தன் சாஸ்திரப் பெயரில் தரித்த மரம், இலங்கையிலும் உண்டு. இன்று அழியும் ஆபத்திலுள்ள மரங்களில் அதுவும் ஒன்று. சோலை மரம் அவசரப்படாது. அதன் கன்று பெரிய மரங்களின் நிழலில், சருகு மண்ணின் ஈரத்தில் மெல்ல வளரும். நிழலை வெட்டிவிட்டால் வெயிலும் உறைபனியும் கன்றைக் கருக்கிவிடும்.

தீமையும் நன்மையும் இப்படியே. லயத்தில் ஒருவர் சொன்ன கோள் பொழுதுசாயுமுன் பத்து வீடு ஏறுகிறது. சம்பள நாளில் தொடங்கிய குடி, பிள்ளைகளின் சோற்றை உறிஞ்சியே பிழைக்கிறது. பிள்ளையின் மனதில் முளைத்த பக்தியும் உண்மையுமோ சோலைக் கன்று. அதற்குத் தாய் தகப்பனின் நிழல் வேண்டும், வருஷங்கள் வேண்டும். அந்நிழலை நீங்களே எடுத்துவிட்டால் கன்று எங்கே நிற்கும்?

ஆகையால் இவ்வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். இரவு ஜெபத்துக்குமுன், இலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல, அன்றைய நாளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். துரு சிறிதாயிருக்கையிலேயே ஒருவருக்கொருவர் மன்னித்து அகற்றிவிடுங்கள். விறகுக்குப் போகிறவர்கள் சோலைக் கன்றில் கத்தி வையாதிருங்கள். தேயிலை நமக்குச் சோறிடுகிறது. நமக்கும் தேயிலைக்கும் சேர்த்துத் தண்ணீர் தருவது சோலை.

மெல்ல வளருகிறதைப் பொறுமையோடு காக்கும் மனதைச் சர்வேசுரன் நம் எல்லாருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.