காலை உணவுக்குப் பின்

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு நாள் தொடங்குவது கடலோரத்தில். படகு கரையேற வேண்டும், ஏலம் முடிய வேண்டும், லூப் சாலை அங்காடியில் கடை பரப்ப வேண்டும். விற்று, வெட்டிக் கொடுத்து நிமிரும்போது பதினோரு மணி ஆகிவிடும். அதுவரை வயிற்றில் டீ மட்டுமே. சர்க்கரை நோய்க் கையேட்டிலோ ‘காலை உணவுக்குப் பின் ஒரு மாத்திரை’ என்று அச்சிடுகிறோம். சில சர்க்கரை மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். அந்த நேரம் அவர் முன்னால் இருப்பது அரிவாள்மனை.

*

மருத்துவ எழுத்தைத் திருத்த உட்காரும்போது சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் நினைவுக்கு வருகிறார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே. படித்தவர்கள் ஊரை விட்டுப் போகாமல் கிராமத்து நோயாளிகளோடு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பாடநூல் இல்லை. மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் உடனிருந்து செப்பனிட்டார். ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பிறகும் தமிழ் வேலையை விடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளியானது; அடுத்த ஆண்டு இறந்தார். அவர் செய்த சிகிச்சைகளைவிட இந்த நூல்களே பெரிய வைத்தியம் என்பேன்.

*

‘பாதங்களைப் பராமரிக்கவும்.’ கையேடுகளில் தவறாமல் வரும் வரி. யாருக்கு என்ன பயன்? சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். நண்டு ஓடு கிழித்தாலும் தெரியாது, மணல் சுட்டாலும் தெரியாது. தெரியவரும்போது புண் சீழ் பிடித்திருக்கும். நான் இப்படித்தான் எழுதுவேன்: “ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலைத் திருப்பிப் பாரும்மா. குனிய முடியலன்னா பேத்தியைப் பார்க்கச் சொல்லு. செருப்பை உதறிட்டுப் போடு.”

பண்டிதர்கள் குறை சொல்வார்கள். சொல்லட்டும், கால் முக்கியம்.

*

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பெரிய காரியம். கூடவே தரும் சீட்டும் அந்த வீட்டுக்காக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்.

உடல்நலம் எழுதுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அச்சுக்குக் கொடுக்கும் முன், அந்த மருந்தைச் சாப்பிடப்போகிற ஒருவருக்காவது வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்காத வரியை மாற்றிய பிறகு அனுப்புங்கள்.