விட்ட குறை, தொட்ட குறை

இடையில் கைவிடப்பட்ட முயற்சி அடியோடு அழிந்துவிடுகிறதா, முயன்றவரிடமே ஏதோ ஒரு வடிவில் தங்கிவிடுகிறதா என்பது இந்தியச் சமய மரபுகள் மறுபிறவிக் கொள்கையோடு இணைத்து ஆராய்ந்துவந்த பழைய கேள்வி. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அருச்சுனன் இதை நேரடியாகவே எழுப்புகிறான். நம்பிக்கையோடு யோகத்தில் இறங்கி, மனம் நிலைகொள்ளாமல் பாதியில் வழுவியவன் இம்மையும் மறுமையும் இழந்து, சிதறிய மேகம்போல் ஒன்றுமில்லாமல் போவானோ என்பது அவன் ஐயம். அவ்வாறு வழுவியவனை அந்நூல் யோகப்பிரஷ்டன் என்று அழைக்கிறது. நன்மையை நாடியவன் கெட்டழிவதில்லை என்றும், அடுத்த பிறவியில் அவன் முன்னுடலில் பெற்ற அறிவோடு மீண்டும் பொருந்தி, தன் விருப்பத்தையும் மீறிப் பழைய பழக்கத்தால் இழுக்கப்படுகிறான் என்றும் கண்ணன் விடை கூறுகிறான். செயல் முடிந்த பின்னும் செய்தவரிடம் எஞ்சும் இப்பதிவுக்குச் சமஸ்காரம் என்பது சாத்திரப் பெயர். தமிழ் வழக்கில் இதையே விட்ட குறை, தொட்ட குறை என்கிறார்கள்.

நெடுங்காலம் பளு தூக்கிப் பழகி, நோயாலோ குடும்பச் சுமையாலோ சில ஆண்டுகள் அதை விட்டிருந்து, மீண்டும் உடற்பயிற்சிக் கூடத்துக்குத் திரும்பும் ஒருவரின் நிலை, மறுபிறவியைத் துணைக்கு அழைக்காமலேயே இக்கேள்வியை ஒரே வாழ்நாளுக்குள் நிறுத்திக் காட்டுகிறது. இத்தகைய இடைமுறிவை மரபு அரிய விபத்தாகக் கருதவுமில்லை. நெடுங்காலம், இடையறாமல், ஈடுபாட்டோடு செய்யப்படும்போதே பயிற்சி உறுதிப்படும் என்று கூறும் பதஞ்சலியின் யோகசூத்திரம், அதைக் குலைக்கும் ஒன்பது தடைகளையும் வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசை நோயில் தொடங்கி, எட்டிய படியில் நிலைத்து நிற்க முடியாமையில் முடிகிறது.

பயிற்சி நின்றதும் தசை மெலிகிறது, வலிமை குறைகிறது என்பது வெளிப்படை. எது எஞ்சுகிறது என்பதே நுட்பமான செய்தி. தசையிழை என்பது பல உட்கருக்களைக் கொண்ட நீண்ட செல். பளுவால் தூண்டப்படும்போது அதன் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணைச்செல்கள் அதனோடு கலந்து புதிய உட்கருக்களை அளிக்கின்றன. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியன் குண்டர்சன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, சுண்டெலிகளின் தசை மெலிந்த பின்னும் அவ்வாறு சேர்ந்த உட்கருக்கள் மறைவதில்லை என்று காட்டியது. மனிதரிடமும் அவை அவ்வாறே நிலைக்கின்றனவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் 20 வாரம் பயின்று, 30 வாரங்களுக்கு மேல் நிறுத்தியிருந்த பெண்கள் ஆறே வாரப் பயிற்சியில் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டதை 1991ஆம் ஆண்டு ஆய்வொன்று பதிவுசெய்தது. மரபணுக்களின்மேல் படியும் வேதிக் குறிகளில் சில, பயிற்சியை நிறுத்தித் தசை மெலிந்த பின்னும் மனிதத் தசையில் எஞ்சியிருப்பதை 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

உட்கருவைச் சமஸ்காரம் என்றோ, ஆய்வுக்கூடம் கீதையை மெய்ப்பித்துவிட்டது என்றோ கூறுவது இரண்டுக்கும் இழைக்கும் அநீதி. ஒன்று உடலைப் பற்றியது, மற்றது உடலைக் கடந்து செல்வதாகக் கருதப்படும் ஒன்றைப் பற்றியது. ஆனாலும் இரண்டின் விடையமைப்பும் ஒத்திருக்கிறது. எஞ்சுவது பயன் அன்று, பயனை மீண்டும் விளைவிக்கும் தகுதியே. கீதையின் யோகப்பிரஷ்டன் முன்பு எட்டிய நிலையிலேயே கண்விழிப்பதில்லை. அவன் மறுபடியும் முயல்கிறான், அம்முயற்சி அவனுக்கு எளிதாகிறது என்பதே அங்குச் சொல்லப்படுவது.

திரும்புபவர் தடுமாறும் இடம் இதுவே. முன்பு 100 கிலோ தூக்கியவரின் மனத்தில் அந்த எண் தேயாமல் இருக்கிறது, உடலோ வேறாகிவிட்டது. தசை விரைந்து மீண்டாலும் அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகவே வலுப்பெறுகிறது. பழக்கம் விட்ட தசையை முதல் நாளிலேயே வரம்பின்றி வருத்தினால், சில வேளைகளில் தசையிழைகள் சிதைந்து, அவற்றின் உட்பொருள் குருதியில் கலந்து சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடும். 'நான் 100 கிலோ தூக்குபவன்' என்ற கூற்றில் உள்ள 'நான்' யார் என்னும் ஆராய்ச்சி இங்கு வெறும் தத்துவப் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை. முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல என்று மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் உரைத்ததாகப் பாலி நூலான மிலிந்தபஞ்ஹா கூறுகிறது. திரும்பி வந்தவரும் பழையவர் அல்லர், புதியவரும் அல்லர். பழையவராகத் தம்மை எண்ணினால் காயம் நேரும், முற்றிலும் புதியவராக எண்ணினால் மனம் சோரும்.

பாகவத புராணத்தின் பரதன் கதை இதை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுசெல்கிறது. அரசைத் துறந்து கண்டகி ஆற்றங்கரையில் தவம் செய்த பரதன், தாயை இழந்த மான்குட்டி ஒன்றின்மேல் கொண்ட பற்றால் தவம் வழுவி, மானாகப் பிறந்து, பின்னர் அந்தணர் மகனாகப் பிறக்கிறான். முற்பிறவி நினைவு அவனை விட்டு நீங்கவில்லை. அந்நினைவை அவன் பெருமையாகக் கொள்ளாமல் எச்சரிக்கையாகக் கொண்டு, உலகோர் கண்ணுக்கு மந்தனாகவே வாழ்ந்ததால் சடபரதன் எனப்பட்டான். உடற்கட்டு மிக்க அவனைச் சௌவீர மன்னன் ரகூகணனின் ஆட்கள் பல்லக்குச் சுமக்கப் பிடித்துக்கொள்கிறார்கள். நடையில் பல்லக்கு குலுங்கியதற்காக மன்னன் கடிந்தபோது அவன் அளித்த விடை, சுமையைப் பற்றிய ஆராய்ச்சியாகவே அமைகிறது: நிலத்தின்மேல் பாதம், பாதத்தின்மேல் கணைக்கால், அதன்மேல் தொடை, இடை, தோள், தோளின்மேல் பல்லக்கு என்று அடுக்கிச் சென்றால், சுமப்பவன் என்று தனியே சுட்டத்தக்கவன் எங்கே இருக்கிறான்? ஒருமுறை வழுவியவனுக்கே வழுவும் விதம் தெரியும். அந்த அறிவு புதிதாகத் தொடங்குபவரிடம் இல்லாத செல்வம்.

இழந்த வலிமையை மீட்க உட்கொள்ளும் துணைச்சத்துப் பொருள்களைப் பற்றிய கேள்வியும் இங்கேயே வந்து சேர்கிறது. உடலை இழிவாக எண்ணியிருந்து, பின்னர் அதனுள் இறைவன் உறைவதை உணர்ந்து அதைப் பேணத் தொடங்கியதைத் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் கூறுகிறார். உடலை நிலைபெறச் செய்யும் மருந்துகளைச் சித்தர் மரபு காயகற்பம் என்றது. ஆகவே வலுவுக்காக ஒன்றை உட்கொள்வது சமயத்துக்குப் புறம்பானதன்று. எந்த அளவில், எதன் இடத்தில் என்பதே வினா. சித்த மருத்துவத்தில் மருந்தைச் சேர்த்து உட்கொள்ளும் தேன், பால், நெய் போன்றவை அனுபானம் எனப்படும். மருந்தில்லாத அனுபானம் நோயைத் தீர்ப்பதில்லை. பயிற்சியே மருந்து, துணைச்சத்து அனுபானம். 1832இல் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரோல் இறைச்சியிலிருந்து பிரித்தறிந்த கிரியேட்டின், மனித உடலும் தானே ஆக்கிக்கொள்ளும் பொருள். துணைச்சத்தாக அதை நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் உட்கொண்டால் போதும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராமைக் கடந்தால் கூடுதல் புரதத்தால் தசைக்குக் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. அவ்வளவும் பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் மீனிலும் கிடைப்பதே. மிகுதியாக உண்பவனுக்கும் யோகமில்லை, உண்ணாதவனுக்கும் யோகமில்லை என்னும் கீதையின் அளவுநெறி, யோகப்பிரஷ்டனைப் பேசும் அதே அத்தியாயத்தில்தான் இடம்பெறுகிறது.

இழந்த ஆண்டுகளைச் சில மாதங்களில் ஈடுகட்டும் ஆசை, ஊக்கமருந்தான ஸ்டீராய்டை நாடச் செய்யும்போது அளவு மீறப்படுகிறது. 2013இல் அதே ஓஸ்லோ குழு சுண்டெலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து நிறுத்தியபோது, அதனால் சேர்ந்த உட்கருக்களும் எஞ்சியே இருந்தன. பதிவு நல்லதை மட்டும் தேர்ந்து வைத்துக்கொள்வதில்லை. நல்வினையும் தீவினையும் ஒருங்கே பதியும் என்று வினைக்கொள்கை வலியுறுத்துவதும் இதையே. முயற்சி அழிவதில்லை என்பது ஆறுதலாக இருப்பதைப் போலவே பொறுப்பாகவும் ஆகிறது.

எனவே திரும்புபவர் முதல் நாளில் எடைத்தட்டு எதையும் மாட்டாமல் 20 கிலோ வெறும் கம்பியைத் தோளில் ஏற்பது தோல்வியின் அடையாளமாகாது. உள்ளே எஞ்சியிருப்பதை அவர் அந்நாளில் கண்ணால் காண முடியாது. அது இருக்கிறது என்று நம்பி, அதன்மேல் உரிமை கொண்டாடாமல், மறுநாளும் வருவதே அவருக்கு விதிக்கப்பட்ட தவம்.