போதும் என்று யார் சொல்வது?

2023 மே மாதம். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரம். கல்லூரிக் கால நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். ஒருநாள் ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், மனிதர் ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டிருக்கிறார். ஒரு கையில் அளக்கிற டேப். இன்னொரு கையில் ஒட்டுகிற நீல டேப்.

‘‘டேய், இந்த நுனியைப் பிடி’’ என்றார்.

பிடித்தேன். 16 அடி நீளம், 6 அடி அகலத்துக்குத் தரையில் ஒரு கட்டம் ஒட்டினார். ‘‘இது சின்ன வண்டி’’ என்றார். பக்கத்திலேயே இன்னொரு கட்டம், 30 அடிக்கு 8 அடி. அந்தக் கோடு ஹாலைத் தாண்டி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்து, சமையலறைக்குள் போய் நின்றது. ‘‘இது பெரிய வண்டி. எதை வாங்கலாம், சொல்லு.’’

சமையலறையில் இருந்த அவர் மனைவி, காலடியில் வந்து நின்ற நீலக் கோட்டை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் அடுக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். 30 வருஷ கம்ப்யூட்டர் வேலை முடிந்து நண்பர் ரிட்டயர் ஆகிவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். கணவனும் மனைவியுமாக நாலு மாசம் அமெரிக்காவைச் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். ஹோட்டல் கிடையாது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே. அந்த ஊரில் இதற்கென்றே வண்டிகள் விற்கிறார்கள். சின்னது கேம்பர் வேன். நம் ஊர் சின்ன டெம்போ டிராவலர் அளவு இருக்கும். பெரியது மோட்டார் ஹோம். அதில் 45 அடி வரைக்கும் உண்டு. நம் ஆம்னி பஸ் அதன் பக்கத்தில் தம்பி மாதிரி நிற்கும்.

நண்பர் சின்ன வண்டிக் கட்சி. ‘‘நாலு பெட்ரூம் வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம். கராஜ்ல கார் நிறுத்த இடமில்லாம சாமான். இனிமேலாவது குறைச்சுக்கிட்டு வாழணும்டா’’ என்றார்.

எளிமை என்று யாராவது ஆரம்பித்தால் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு உற்சாகம் வந்துவிடும். நானும் சேர்ந்துகொண்டேன். 1947-ல் பென் போன் என்கிற டச்சு வியாபாரி, ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலைக்குள் சாமான் ஏற்றிப் போகிற தட்டு வண்டியைப் பார்த்துவிட்டு நோட்டில் பென்சிலால் கிறுக்கிய படம்தான் பிற்பாடு அந்தப் புகழ்பெற்ற வேனாக ஆனது. 1950-ல் தயாரிப்பு ஆரம்பித்தது. அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்துக் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். ராத்திரி 11 மணி வரை இரண்டு பேரும் எளிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் இரண்டு தடவை காபி வந்தது. யார் போட்டுக் கொண்டுவந்தது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

மறுநாள் மூன்று பேருமாக வண்டி விற்கிற இடத்துக்குப் போனோம். முதலில் பெரியது. பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவரே வெளியே நகர்ந்து அறை அகலமாகிறது. குளியலறை தனி, படுக்கையறை தனி. வெளியில் உட்கார்ந்து பார்க்கத் தனியாக ஒரு டி.வி. எல்லாவற்றையும் காட்டிவிட்டு, விற்பனை இளைஞர் வண்டியின் பின்னால் இருந்த கொக்கியைக் காட்டினார். எதற்கு என்றேன். சின்னக் கார் ஒன்றைக் கட்டி இழுத்துப் போகத்தானாம். பால் வாங்கக் கடைக்குப் போவதற்கெல்லாம் இத்தனை பெரிய வண்டியை எடுக்க முடியாதே!

நண்பரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பெரிய வண்டி வாங்கியவனுக்கு உடனே ஒரு சின்ன வண்டி தேவைப்படுகிறது. எங்கள் கட்சி ஜெயித்த மாதிரி இருந்தது.

அப்புறம் சின்னது. கூரையைத் தூக்கினால் நிமிர்ந்து நிற்கலாம். சீட்டை மடக்கினால் படுக்கை. இரண்டு பர்னர் அடுப்பு. தண்ணீர்த் தொட்டி நம் வீட்டு வாட்டர் கேன் இரண்டு அளவு. நண்பர் குழந்தை மாதிரி எல்லாவற்றையும் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளே ஏறினார். ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, இடது காலை முதலில் வைத்து ஏறினார். உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

‘‘இதுல பாத்ரூம் எங்கங்க?’’

‘‘அதுக்கென்ன, கேம்ப் கிரவுண்டுல இருக்கும். வழியில ரெஸ்ட் ஏரியா இருக்கு. ராத்திரி அவசரம்னா டார்ச் எடுத்துட்டுப் போயிட்டு வர வேண்டியதுதான்.’’

‘‘சரி’’ என்றார் அவர்.

அந்த ‘சரி’யை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் சென்னையில் நாங்கள் ஃப்ளாட் வாங்கியபோது, பில்டர் எந்த மாதிரி டாய்லெட் வேண்டும் என்று கேட்டார். ‘‘இந்தியன் போதும். உடம்புக்கும் நல்லது, வீண் செலவும் இல்லை’’ என்று நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது 70 வயது. பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ‘‘சரிப்பா’’ என்றாள். குடிவந்த பிறகு அந்த டாய்லெட் குழாய் அடிக்கடி ஆட்டம் கண்டு ஒழுக ஆரம்பித்தது. பிளம்பர் இரண்டு தடவை வந்து சரிபண்ணினார். மூன்றாவது தடவை, மட்டமான குழாய் போட்டுவிட்டதாக அவரைச் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: ‘‘குழாய் நல்ல குழாய்தான் சார். அம்மா இதைப் பிடிச்சுத்தான் எழுந்திருக்கிறாங்க.’’

இரண்டு வருஷமாக அப்படித்தான் எழுந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எளிமையாக இருப்பதாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வீட்டில், அந்த எளிமையின் பாரம் முழுவதும் அம்மாவின் முழங்காலில் இருந்திருக்கிறது.

இதை நண்பரிடம் உடனே சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த சனிக்கிழமை அவரே ஒரு வழி பண்ணினார். ‘‘சலினாஸ் போகலாம் வா, ஒண்ணு காட்டறேன்’’ என்றார். தெற்கே ஏறக்குறைய 60 மைல். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் பிறந்த ஊர். 1960-ல், 58 வயதில், சார்லி என்கிற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தாரே, அந்த வண்டியை அங்கே அவர் பெயரில் இருக்கும் மியூசியத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பச்சை நிற லாரி, முதுகில் ஒரு குட்டி அறை. டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டே என்பதையே வண்டிக்கும் வைத்தார். 1962-ல் அந்தப் பயணம் புத்தகமாக வந்தது. சின்ன வண்டியில் ஊர் சுற்றக் கிளம்புகிற பலருக்கும் அதுதான் வேதம்.

நண்பர் பக்தியோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வந்தது. ஒன்று, அந்தக் குட்டி அறைக்குள் ஸ்டைன்பெக் ஒரு கழிப்பறை வைத்திருந்தார். அவரே எழுதியிருக்கிறார். இரண்டு, பின்னாளில் அந்தப் பயணத்தைத் துருவிப் பார்த்தவர்கள், அவர் பல இரவுகளை ஹோட்டலிலும் மோட்டலிலும் கழித்திருப்பதையும், புத்தகத்தில் தெரிவதைவிட அதிக நாட்கள் மனைவி எலைன் கூட இருந்திருப்பதையும் கண்டுபிடித்தார்கள். தனி மனிதன், நாய், சின்ன வண்டி என்றால்தான் கதை அழகாக இருக்கிறது. மனைவியும் ஹோட்டல் மெத்தையும் வந்தால் கொஞ்சம் இடிக்கிறது. அதனால் அவர்களைப் பக்கத்திலிருந்து இறக்கிவிட்டால் போயிற்று!

ஸ்டைன்பெக்கைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. குழாய் கதை இருக்கிறதே.

வெளியே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது, நண்பரின் மனைவியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். ‘‘நீங்க எதும்மா வேணும்னு நினைக்கிறீங்க? பெரிசா, சின்னதா?’’

அவர் முதலில் கணவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: ‘‘பெரிசும் வேண்டாம் அண்ணா. அதைத் துடைச்சுப் பெருக்கறது யாரு? சின்னதே போதும். ஆனா மாத்திரை போட்டுக்கறதால ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கேன். டார்ச் வெச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள போக முடியாது. எனக்கு வேண்டியது, மூடற மாதிரி ஒரு கதவு. அவ்வளவுதான்.’’

நண்பர் கப்பைக் கீழே வைத்தார். ‘‘இதை ஏன் நீ சொல்லவே இல்ல?’’

‘‘நீங்க பெரிசா சின்னதான்னுதானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அதுவும் அண்ணாகிட்ட.’’

நம் ஊர்ப் பந்தியில் ஒரு பழக்கம் உண்டு. பரிமாறுகிறவர் ‘‘இன்னும் கொஞ்சம்’’ என்பார். ‘போதும்’ என்று சொல்ல வேண்டியவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர். பரிமாறுகிறவரே இலையைப் பார்த்து ‘‘உங்களுக்கு இது போதும்’’ என்று நகர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் எளிமை இல்லை. அந்த வீட்டில் அப்புறம் யாரும் கை நனைக்க மாட்டார்கள். தனக்குத் தானே ‘போதும்’ என்று சொல்லிக்கொள்கிறவரைக் கும்பிடலாம். அடுத்தவர் இலைக்கும் சேர்த்துச் சொல்வதற்கு நமக்கு உரிமை கிடையாது. குடும்பங்களில் நாம் தினமும் செய்கிற தப்பு இது. அப்பாவுக்கு இந்த ரூம் போதும். அம்மாவுக்கு ஃபேன் போதும். அவளுக்கு இரண்டு பட்டுப்புடவை போதாதா? சொல்கிறவர்களுக்குச் சிக்கனம். கேட்டுக்கொள்கிறவர்களுக்கு ‘சரி.’

அப்படியானால் கேட்டதையெல்லாம் வாங்கிவிடலாமா, 45 அடிக்கே போய்விடலாமா என்று கேட்பீர்கள். பந்தியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாசலில் அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. நாலு மாசத்தில் 10,000 மைல் ஓடுகிறது என்று வையுங்கள். பெரிய வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 8 மைல் போகும் என்றால் 1,250 காலன் வேண்டும். சின்னது 18 மைல் போனால் 555 காலன். வித்தியாசம் ஏறக்குறைய 700 காலன், அதாவது 2,600 லிட்டர். ஒரு காலன் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 9 கிலோ கரியமில வாயு வெளியே வருகிறது. கூட்டினால் 6 டன் அதிகம். அதைச் சுவாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் பிறக்கவே இல்லை. அவர்களால் வந்து ‘எங்களுக்கும் கொஞ்சம் வையுங்கள்’ என்று கேட்க முடியாது. ராத்திரி கேம்ப் கிரவுண்டில் ஜெனரேட்டர் ஓடினால் பக்கத்துக் கூடாரத்துக் குழந்தைக்குத் தூக்கம் போகிறது. அதுவும் கேட்காது.

ஆக, இரண்டு கேள்வி. கூட வருகிறவருக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டோமா? அங்கே இல்லாதவர்களுக்கு என்ன மிச்சம் வைத்தோம் என்று யோசித்தோமா? முதல் கேள்வியைக் கேட்காதவன் கஞ்சன். இரண்டாவதைக் கேட்காதவன் பேராசைக்காரன். 16 அடியா 30 அடியா என்பது இந்த இரண்டுக்கும் பிறகு வருகிற தச்சுக் கணக்கு. தமாஷ் என்னவென்றால், இரண்டையும் ஒழுங்காகக் கேட்டால் பதில் பெரும்பாலும் நாம் பயந்த அளவுக்குப் பெரிதாக இருப்பதில்லை. அம்மாவுக்கு வேண்டியிருந்தது சுவரில் ஒரு கைப்பிடியும் உட்காருகிற மாதிரி ஒரு டாய்லெட்டும்தான். அதற்காக நான் வீட்டை இடிக்க வேண்டியிருக்கவில்லை.

நண்பர் கடைசியில் எதையும் வாங்கவில்லை. 20 அடிக்குச் சற்றுக் குறைவான ஒரு வேனை முதலில் ஒரு மாசத்துக்கு வாடகைக்கு எடுத்தார். உள்ளே ஒரு அலமாரி அளவுக்குக் குளியலறை. டாய்லெட்டும் ஷவரும் ஒரே இடத்தில். மூடுகிற கதவு உண்டு. அது இல்லாத வண்டியைவிட வாடகை கொஞ்சம் கூட. நண்பர் முணுமுணுக்கவில்லை.

செப்டம்பர் ஆரம்பத்தில் மான்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவிலிருந்து ஒரு படம் அனுப்பினார். அங்கே மலையைக் குடைந்து 50 மைலுக்கு ஒரு சாலை. 1933-ல் திறந்தார்கள். சூரியனுக்குப் போகிற சாலை என்று பெயர். உச்சியில் லோகன் கணவாய், 6,646 அடி உயரம். வளைவுகள் குறுகல் என்பதால், 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை மலைப் பகுதிக்குள் விடுவதில்லை. பெரிய மோட்டார் ஹோம்காரர்கள் அதைக் கீழேயே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். படத்தில் பனி மூடிய சிகரம், அதற்கு முன்னால் நம் வேன், வாசல் படியில் காபி டம்ளரோடு அவர் மனைவி. சிரித்துக்கொண்டிருந்தார்.

‘எப்படியிருக்கு, ராத்திரி அவங்களுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்டு அனுப்பினேன்.

பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

‘அவ நல்லாத் தூங்கறா. வெளியில ஒரே குளிர். நேத்து ராத்திரி நாலு தடவை எழுந்தது நான்தான்.’