தட்டை முக நாயும் முதற் சீலமும்

பஞ்சசீலத்தை ஏற்கும்போதெல்லாம் உயிர்க்குத் தீங்கு செய்யோம் என்று முதற்கண் உறுதி கூறுகின்றோம். கொல்லாதவன், அடிக்காதவன், சோறிட்டுச் சீராட்டி வளர்ப்பவன் இச்சீலத்திற்கு மாறாக நடத்தல் கூடுமோ? கூடும் என்பதே நமது துணிபு. பக் என்னும் நாயே அதற்குச் சான்று.

2003ஆம் ஆண்டில் ஒரு தொலைபேசி விளம்பரத்தில் தோன்றிய பின்னர், இந்நாயை விலைக்கு வாங்குவோர் நம் நாட்டில் பெருகினர். உருண்ட தலை, பெரிய கண்கள், குழந்தையை யொத்த தட்டை முகம் கண்டு மனம் இளகாதார் யார்? ஆனால் அம்முகம் இயற்கை தந்ததன்று. முகங் குறுகியவற்றையே தெரிந்தெடுத்து இணைத்து இணைத்து மனிதர் ஆக்கியதாகும். எலும்பு குறுகிற்று, உள்ளிருக்கும் மெல்லிய தசை அவ்வளவிற்குக் குறுகவில்லை. அத்தசை மூச்சுவழியை அடைக்கின்றது.

துன்பம் மூச்சோடு நிற்பதன்று. அடைபட்ட வழியே காற்றை வலிந்து இழுக்குங்கால் மார்பினுள் ஓர் உறிஞ்சும் விசை உண்டாகின்றது. அவ்விசை இரைப்பையின் மேற்பகுதியையே மார்புக்குள் இழுத்தலும் உண்டு. புளித்த நீர் உணவுக்குழாயில் ஏறி அதனைப் புண்ணாக்குகின்றது. நாய் உண்டதைக் கக்குகின்றது. வெறும் வாயை மென்று விழுங்குகின்றது. கக்கியது நுரையீரலுட் புகின் உயிருக்கே ஆபத்து. 2005ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர்கள், மூச்சுத் தடையுள்ள இத்தகைய தட்டை முக நாய்கள் 73ஐ ஆராய்ந்து, மிகப் பெரும்பாலானவற்றின் உணவுப் பாதையிலும் கோளாறு கண்டதாக வெளியிட்டனர். மூச்சுவழியைச் சத்திர சிகிச்சையாற் சீர்செய்யின் பலவற்றின் எதுக்களிப்பும் தணிகின்றது. காரணம் நீங்கக் காரியம் நீங்கும் என்னும் தம்மத்தை ஒரு வாயில்லாப் பிராணியின் வயிறு நமக்குப் போதிக்கின்றதன்றோ?

அக்காரணச் சங்கிலியின் மறுமுனை எங்கே? வாங்குவோன் கையில். உயிர்களை விற்கும் வாணிகம் உபாசகர்க்கு ஆகாதென்று பகவான் விலக்கினார். வாங்குவோர் இன்றேல் அவ்வாணிகம் ஏது? கொலை ஒன்றே இம்சை என்று அசோகர் எண்ணவில்லை. தமது 26ஆம் ஆட்சியாண்டுத் தூண் சாசனத்தில், சேவலுக்கு விதையடித்தலையும் விலக்கினார்.

“நாங்கள் அன்புடனன்றோ வளர்க்கின்றோம்?” என்பர். அறியாது வாங்கியவரை நாம் பழியோம், எண்ணமே வினையாதலின். ஆயின் அறிந்த பின்னும் அம்முகத்தையே விரும்பி விலை கொடுப்பது மைத்திரி அன்று, திருஷ்ணை. மைத்திரி பிற உயிரின் நலம் நோக்கும். திருஷ்ணை தன் கண்ணின்பம் நோக்கும்.

பிறப்பின் தூய்மை என்னும் பொய்யை உதறித் தம்மத்தை அடைந்தவர் நாம். அப்பொய்யே நாய்ச் சந்தையில் வம்சச் சான்றிதழாக உலவுகின்றது. தெருவிலுள்ள நாட்டு நாயோ நீண்ட மூக்கால் தடையின்றி மூச்சிழுத்து, இட்டதைச் செரித்து வாழ்கின்றது, அதற்கு விலையில்லை.

இல்லத்தில் தட்டை முக நாய் ஏற்கெனவே உள்ளதாயின், அதனைக் கைவிடற்க. உடல் பருக்க விடாது, உணவைச் சிறிது சிறிதாகப் பகிர்ந்து அளித்து, வெயிலில் ஓட்டாது காக்க. குறட்டையையும் கக்கலையும் வேடிக்கையென்று நகையாமல் மருத்துவரிடம் காட்டுக. அதனை இனம் பெருக்காதிருப்போம், புதிதாய் வாங்காதிருப்போம். துணை வேண்டின், வாசலில் நிற்கும் நாட்டு நாய்க்குக் கதவைத் திறப்போம்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!