சங்கும் பாதிரியாரும்

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளின் வழவழப்பான சுவர்ப் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்பு உண்டு. அதே வீட்டுச் சாமி அறையில் சங்குக்குப் பொட்டு வைத்துப் பூசை நடக்கும். இரண்டும் கடல் பிராணிகளின் ஓடுகள்தான். ஒன்று மட்டும் எப்படிப் புனிதமானது?

தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜானுக்கு எல்லா ஓடுமே இறைவன் படைப்பு. 1771-இல் வந்து, 1813-இல் மறைந்த ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் அவர். பிரசங்கமும் பள்ளிக்கூடமும் போக மிச்ச நேரத்தில் மீன், சிப்பி, சங்கு என்று சேகரித்தார். அவர் அனுப்பிய மீன்களை ஆராய்ந்த பெர்லின் மருத்துவர் பிளாக், கத்தாழை மீன் பேரினம் ஒன்றுக்கு ‘ஜானியஸ்’ என்றே பெயரிட்டார். சிப்பிகள் கோபன்ஹேகனில் இருந்த சிப்பி ஆய்வாளர் கெம்னிட்ஸிடம் போயின. அவரும் பாதிரியார்தான்! இயற்கையைப் படிப்பதும் ஒருவகை வழிபாடு என்று அன்றைய லுத்தரன்கள் பலர் நம்பினார்கள்.

வழக்கத்துக்கு மாறாகச் சுழலும் ஓடுகளுக்கென்றே கெம்னிட்ஸ் 1786-இல் ஒரு தொகுதி வெளியிட்டார். நாம் புனிதமாகப் போற்றும் வலம்புரிச் சங்கும் அப்படிப்பட்ட அபூர்வ விதிவிலக்குதான்.

அபூர்வமே புனிதம் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் கடலோரத்து வேறொரு நத்தையின் ஓடு இன்று வலம்புரி என்று விற்கப்படுகிறது. அங்கே இயல்பாகவே அது அப்படித்தான் சுழலும். ஏமாந்து வாங்கியவரின் பக்தியைப் பொய் என்பதா? ரசீதுதான் பொய். கோயிலிலும் சாவு வீட்டிலும் ஊதப்படுவதோ, ஏராளமாகக் கிடைக்கும் சாதாரண இடம்புரி.